எரிவது வாசம்தான்

1968ஆம் ஆண்டு நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கே கால் மணி. மலேசியாவின் கிள்ளானில் கனமழை. கூரைத் தகரத்தில் விழுந்த மழையின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை. எனக்குப் பத்து வயது. வீட்டுக்குள் பெட்ரோல் வாசம் வரத் தொடங்கி அன்று பன்னிரண்டாவது நாள். நான் எண்ணிக்கொண்டு வந்தேன். வேறு யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகன். போன மாதம் ஒரு பழைய காரை வாங்கி வந்து போர்ச்சில் நிறுத்தியிருக்கிறான். கிளாசிக்காம். பக்கத்தில் போனாலே பெட்ரோல் வாசம். சொன்னேன். மறுநாள் காருக்குள் ஒரு வாசனை டப்பாவைத் தொங்கவிட்டு, "இப்ப ஓகேவாப்பா?" என்று கேட்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. வாயால் சொன்னால் கேட்கமாட்டான். படிக்கவாவது படிக்கட்டும்.

அந்த நாளைய கார் பெரியப்பாவுடையது. அப்பாவின் அண்ணன், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் வாங்கிய கார் அது. என்னைவிட மூத்தது. உருண்டை விளக்கும் கரும்பச்சை நிறமுமாக எப்போதும் துடைத்த மாதிரியே இருக்கும். குவார்ட்டர்ஸில் அதை நிறுத்தக் கூரை கிடையாது. எங்கள் வீட்டிலோ மரக்கதவு போட்ட கராஜ் காலியாகக் கிடந்தது. ஆகவே காரை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டு, சனிக்கிழமைதோறும் ரயிலில் வந்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவது என்று அவரே முடிவு செய்தார். அப்பா சரி என்றார். சின்ன வயதிலிருந்து அப்பாவை வளர்த்துப் படிக்கவைத்தவர் பெரியப்பாதான். அவர் எதிரே அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கராஜிலிருந்து வீட்டுக்குள் வர ஒரு கதவு. அதைத் திறந்தால் அம்மா படுத்திருந்த அறை. தங்கை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

கார் வந்த அன்றே பெரியப்பா எனக்கு ஒரு வித்தை காட்டினார். வீட்டுக்கு வெளியே, சாலையோரத்தில், பால் டின் மூடியில் ஒரு கரண்டி பெட்ரோலை ஊற்றி வைத்தார். தீக்குச்சியைக் கிழித்து மெல்ல இறக்கினார். குச்சி இன்னும் ஒரு சாண் உயரத்தில் இருந்தபோதே 'புப்' என்று தீ மேலே எழும்பி அதைப் பிடித்துக்கொண்டது.

"பாத்தியா? தொடவே இல்ல. பெட்ரோல் எரியலடா, அதோட வாசந்தான் எரியுது," என்றார். விரல் முடி கருகியிருந்ததைக் காட்டிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அன்றிரவு படுக்கையில் கிடக்கும்போதுதான் வீட்டுக்குள் அதே வாசம் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது எண்ணுவதற்குள் விட வேண்டியதாயிற்று. எரியக்கூடிய ஒன்று என் மூக்குக்குள்ளேயே இருக்கிறது என்பதும், பக்கத்து அறையில் தங்கையின் மூக்குக்குள்ளும் இருக்கும் என்பதும் நினைவுக்கு வந்தால், பிறகு எப்படித் தூங்குவது?

மூன்றாம் நாள் அம்மா அப்பாவிடம் சொன்னார், "தலைய சுத்துதுங்க. பச்சப்புள்ள இருக்கிற வீடு. உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"எப்படிச் சொல்றது?" என்றார் அப்பா. அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

பிள்ளை பெற்ற அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போர்ட் கிள்ளானிலிருந்து அத்தை வந்திருந்தார். அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. அவருக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "அண்ணன் காடி வந்து நிக்குதேன்னு அக்கம்பக்கத்துல எல்லாரும் வாயப் பொளக்கிறாங்க. வாசம்தான உங்களுக்குப் பிரச்சன? அத நான் பாத்துக்கிறேன் லா," என்றார். கொல்லையிலிருந்து, பலகாரத்துக்கு மணம் சேர்க்கப் போடும் பாண்டான் இலையைக் கட்டுக் கட்டாக அறுத்து வந்து சீட்டிலும் காருக்கடியிலும் பரப்பினார். எலுமிச்சையை நறுக்கி நான்கு மூலையிலும் வைத்தார். இரண்டே நாளில் கராஜ் பலகாரக் கடை மாதிரி மணத்தது. எல்லாருக்கும் திருப்தி.

என் பயம் அதன் பிறகுதான் முற்றியது. முன்பாவது அது எங்கே நிற்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். இப்போது அது ஒளிந்துகொண்டது. அப்பாவிடம் ஒருமுறை, "வாசந்தான் எரியும்னு பெரியப்பாவே சொன்னாருப்பா," என்று ஆரம்பித்தேன். "பெரியப்பாவுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோ?" என்றார். அதோடு சரி.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தங்கையைக் குளிப்பாட்டியதும் தலை ஈரம் காயச் சாம்பிராணிப் புகை காட்டுவது அத்தையின் தினசரி வேலை. கரியைக் கொல்லைப்புறத்தில் மூட்டிக் கொண்டுவருவார். அன்று மழை கொல்லையை விழுங்கியிருந்தது. அத்தை யோசிக்கவே இல்லை. மண் தூபக்காலில் கரியையும் தேங்காய் நாரையும் போட்டு எடுத்துக்கொண்டு நேராகக் கராஜுக்குள் போனார். சாரல் அடிக்காமலிருக்க வெளிக்கதவு இழுத்துச் சாத்தியிருந்தது. பெரியப்பாவும் அப்பாவும் மழை விடட்டும் என்று ஹாலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், அடுப்படியில தீப்பெட்டி இருக்கு, எடுத்துட்டு வா!"

எடுத்தேன். திரும்பி வரும் வழியில், அம்மாவின் அறை வாசலில், தங்கையைக் குளிப்பாட்டிய பேசின் தண்ணீரோடு இருந்தது. அதைத் தாண்டினால் கராஜ். கால் தாண்டவில்லை.

"என்னடா, தேர் இழுக்கிறியா? புள்ள தல ஈரமா இருக்குடா!"

தீப்பெட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். இரண்டு கைகளாலும் அடிவரை அமுக்கிப் பிடித்தேன். பெட்டி பிரிந்து, குச்சிகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன.

அத்தை போட்ட கூச்சலில் மழைச் சத்தம் அடங்கியது போலிருந்தது. "பச்சப்புள்ளைக்குக் காட்டுற தூபத்தக் கெடுக்கிறான் பாரு! பொறாம, வேற என்ன? தங்கச்சி வந்ததிலேருந்தே இவன் மொகம் சரியில்ல!" அப்பா ஓடி வந்தார். கன்னத்தில் ஒரே அறை. ஏனென்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"வாசம் எரியும்பா."

பெரியப்பா பின்னால் நின்று சிரித்தார். "நா வெளையாட்டுக் காட்டுனா இவன் மந்திரம் மாதிரி புடிச்சிக்கிட்டான். விடு தம்பி, எங்கிட்ட இருக்கு," என்று சொல்லி, சிகரெட் குடிப்பவர் ஆதலால், சட்டைப்பையிலிருந்து தன் தீப்பெட்டியை எடுத்தபடி கராஜுக்குள் நடந்தார்.

அவருக்கு வழி விடுவதற்காக அப்பா கராஜுக்குள் இறங்கிக் காரை ஒட்டி ஒதுங்கினார். வெறுங்கால். அப்படியே நின்றார். குனிந்து பாண்டான் இலைகளை விலக்கினார். இலைக்கடியில் தரை நனைந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். அதற்குள் பெரியப்பா குச்சியைப் பெட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டார். அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அவரை அப்பா தொட்டு நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"வேணாண்ணே."

"ரெண்டு சொட்டு லா தம்பி. பழைய காடின்னா சொட்டத்தான் செய்யும்."

"காடிய வெளிய எடுங்கண்ணே. இங்க ஸ்டார்ட் பண்ண வேணாம். தள்ளிடுவோம்."

பெரியப்பா அப்பாவின் கையையே பார்த்தார். பிறகு தீப்பெட்டியைப் பையில் போட்டார். இருவரும் சேர்ந்து அந்தக் காரை மழைக்குள் தள்ளினார்கள். அது நனைந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. "மழ விட்டதும் போலாம்ணே, உள்ள வாங்க," என்று அப்பா இரண்டு முறை கூப்பிட்டார். பெரியப்பா வரவில்லை. காப்பி பாதியிலேயே நின்றது. சாலையில் வைத்துக் காரைக் கிளப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தை அழுதார். அம்மா எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

அன்று நான் நான்கு தோசை சாப்பிட்டேன். விளக்கு வைப்பதற்குள் தூங்கிப்போனேன். ஆபத்து வீட்டைவிட்டுப் போய்விட்டது. எனக்கு அவ்வளவுதான் தெரியும். அப்பா ஏன் சட்டை நனைய வாசலிலேயே நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு ஏன் குடையைக் கூட எடுக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினார் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த ஆபத்து பெரியப்பாவின் சீட்டுக்கடியில் சொட்டிக்கொண்டே பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போகிறது என்பது எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்திருந்தது.

பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் மீதி தெரியும். கார் குவார்ட்டர்ஸ் வாசலில் மழையில் பத்திரமாக நின்றதாம். வீட்டுக்குள் விளக்கு எரிந்ததாம். அப்பா கதவைத் தட்டியிருக்கிறார். யாரும் திறக்கவில்லை. ஒழுகும் பழைய குழாய்க்குப் பதிலாக வழியில் வாங்கிய புதுப் பெட்ரோல் குழாயையும் இரண்டு கிளிப்பையும் கார்க் கதவின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டுத் திரும்பியிருக்கிறார். பெரியப்பா அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கராஜில் என் சைக்கிள்தான் நின்றது.

அப்பாவின் கணக்கு நோட்டில் அன்றைய செலவு இருக்கிறது: ரப்பர் குழாய் ஒரு வெள்ளி இருபது காசு. கிளிப் இரண்டுக்கும் சேர்த்து நாற்பது காசு. ரயிலுக்குப் போகவர இரண்டு வெள்ளி. ஆக மொத்தம் மூன்று வெள்ளி அறுபது காசு.