வரிசையில் நின்ற தவளைகள்

எங்கள் அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டினார் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. அவர் பெரும்பாலும் கண்டெய்னர் லாரியில் உட்கார்ந்திருந்தார். திருவொற்றியூர் பக்கம் தொடங்கி துறைமுக வாசல் வரைக்கும் கடலோரச் சாலையில் வண்டிகள் ஒன்றின் முதுகை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். காலையில் டீக்கடைக்கு எதிரே நின்ற வண்டி சாயங்காலம் பக்கத்துப் பஞ்சர் கடைக்கு எதிரே நின்றால், அன்றைக்கு நல்ல ஓட்டம் என்று அர்த்தம்.

அந்த வரிசைக்கு ஒரே ஒரு சட்டம்தான். முன்வண்டி நகர்ந்தால் நாமும் உடனே நகர்ந்துவிட வேண்டும். கொஞ்சம் இடம் விட்டாலும் பக்கத்திலிருந்து ஒருவன் மூக்கை நுழைப்பான், அவன் பின்னாலேயே இன்னொருவன் நுழைவான். அப்புறம் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் இறங்கி வந்து, இடம் விட்டவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்கள். வரிசையில் தூங்கலாம், சாப்பிடலாம், சீட்டாடலாம். இடம் மட்டும் விடக்கூடாது.

நான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை. ஒரு நாள் விடியும்போதே அம்மாவுக்கு வலி எடுத்தது. வயிற்றில் எங்கள் வீட்டு மூன்றாவது பிள்ளை. அப்பாவின் அக்காவான அத்தை, அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பிரசவ வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். அப்பாவின் வண்டியோ முந்தின நாளே வரிசையில் சேர்ந்துவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்து தலைசாய்ப்பதற்காக, இரவெல்லாம் பின்வண்டி டிரைவர்தான் இரண்டு வண்டிகளையும் நகர்த்திக்கொண்டிருந்தார். அதே ஆளிடம் மறுபடியும் உதவி கேட்க அப்பாவுக்கு வாய் வராது. எனவே என்னையும் தம்பியையும் தூக்கிக் கேபினில் போட்டுக்கொண்டார்.

முதலில் நாங்கள் ஹாரனை அடித்தோம். பிறகு கியரைப் பிடித்து ஆட்டினோம். தம்பி ஜன்னல் வழியாக ஒரு செருப்பைக் கீழே போட்டான். அதை எடுக்க இறங்கிய அப்பா, ஏறும்போது ஒரு முடிவோடு ஏறினார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கட்டு பிட் நோட்டீஸை எடுத்தார். சிக்னலில் நிற்கிற வண்டிகளுக்குள் திணித்துவிட்டுப் போவார்களே, அந்த நோட்டீஸ்கள். எல்லாம் வீட்டுமனை விளம்பரம். கண்ணாடி துடைக்க உதவும் என்று சேர்த்து வைத்திருந்தார்.

தினசரித் தாளில் ஆளுக்கொரு தொப்பி செய்து தலையில் கவிழ்த்தார். நோட்டீஸில் ஒரு விசிறி செய்தார். முக்கோணமாக மடித்து, இரண்டு காதுகளையும் குறுக்கே இழுத்துச் செருகி ஒரு குவளை செய்து, அதில் தண்ணீர் ஊற்றியும் கொடுத்தார். ஒழுகுவதற்குள் குடித்துவிட வேண்டும் என்பதுதான் ஆட்டம். தண்ணீர் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தம்பி அன்றைக்கு அரை பாட்டில் குடித்தான்.

அதற்கப்புறம்தான் தவளை. நோட்டீஸை நீளவாக்கில் வைத்து, மேல்பக்கத்தைக் கூரை மாதிரி மடித்து, இரண்டு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து, கூரையின் நுனிகளை வெளியே இழுத்தால் முன்னங்கால்கள். கீழ்ப்பாதியை மேலே ஒரு மடிப்பு, திரும்பக் கீழே ஒரு மடிப்பு. அந்தக் கடைசி மடிப்பில்தான் தவளைக்கு உயிர் வரும். அதை விரலால் அழுத்தி வழுக்கிவிட்டால் டேஷ்போர்டில் துள்ளும். என் தவளையின் முதுகில் 'சுலபத் தவணை' என்றும் தம்பியின் தவளை முதுகில் 'குடிநீர் வசதியுடன்' என்றும் எழுதியிருந்தது. பந்தயம் விட்டோம். அப்பா நடுவராக இருந்து தம்பிக்கே ஜெயம் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டி நகர வேண்டியபோதெல்லாம் ஆட்டத்தை நிறுத்தி நகர்த்தினார்.

வெயில் ஏறிய பிறகு அவருடைய போன் அடித்தது. கீழே இறங்கி, டயர் பக்கத்தில் நின்று பேசிவிட்டு ஏறினார். யாரென்று கேட்டேன். அத்தை என்றார். தம்பிப் பாப்பாவா தங்கச்சிப் பாப்பாவா என்று கேட்டேன். ஒரு நோட்டீஸை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

அன்று அப்பா மடித்ததுபோல் யாரும் மடித்து நான் பார்த்ததில்லை. ஒன்றை முடித்து வைப்பார், உடனே அடுத்ததை எடுப்பார். யார் ஜெயித்தது என்றுகூடப் பார்க்கவில்லை. சிலவற்றை முடிக்கிற நேரத்தில் பிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து மடித்தார். டேஷ்போர்டு நிறையத் தவளைகள், எல்லாவற்றிலும் அவர் விரலின் கிரீஸ் கறை. அப்பா இவ்வளவு ஆசையாக விளையாடுவார் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முன்வண்டி நகர்ந்ததை அப்பா பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆனால் தவளை பாதியில் இருந்ததால் சொல்லவில்லை. ஒரு டிரெய்லர் குறுக்கே மூக்கை நுழைத்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் ஒரே நேரத்தில் அலறின. பின்வண்டி டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் கதவை ஓங்கித் தட்டினார்.

"இன்னாபா, தூங்கினுகிறியா? நைட்டெல்லாம் முழிச்சினு காப்பாத்திக் குடுத்த எடத்த இப்டி உட்டுகீற."

அவர் படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். காகிதத் தொப்பியோடு நாங்கள் இருவரும், மடியில் ஒரு பாதித் தவளையோடு அப்பாவும் இருந்தோம்.

"வெளாடினுகிற நேரமா இது?" என்றார்.

அப்பா தலை நிமிரவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "வூட்டுல ஆஸ்பத்திரில கீது மாமு. கொழந்த திரும்பிகினுகீதாம். ரெண்டு உசுருக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்றாங்களாம்."

பின்வண்டி டிரைவர் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார். பிறகு கையை நீட்டினார். "சாவியக் குடு. மொதல்ல உன்னுத நவுத்துறேன், அப்பால போயி என்னுத நவுத்துறேன். நைட்டு பண்ணல? நீ கெளம்பு நைனா. புள்ளைங்கள தூக்கிகினு கெளம்பு."

குழந்தை திரும்புவது நல்ல விஷயம் என்றுதான் நான் நினைத்தேன். கவிழ்ந்து படுக்கிறது, சீக்கிரம் தவழும் என்று பக்கத்து வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறேன். ரெண்டு உசுரு என்றது யாரை என்று பிடிபடவில்லை. எனவே அந்தப் பேச்சில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். வரிசையில் விளையாடியதற்காக, பெரிய ஆள் என்றும் பார்க்காமல், எங்கள் அப்பாவை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அம்மா பிழைத்தாள், தங்கையும் பிழைத்தாள். சாயங்காலத்துக்குள் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அந்தப் பகலில் அப்பா எதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதைப் பல வருடம் கழித்து அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அன்றைக்கு ஆட்டோவில் எனக்கு அது எதுவும் தெரியாது. அப்பா தம்பியை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, துறைமுகச் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பியிருந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்கு அந்த அவமானம் தெரியும். பேசியதற்காக என்னையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். ஆட்டோக்காரருக்குக் கேட்காதபடி, அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"வுடுப்பா. நாளைக்கு அவரே கூப்ட்டு உள்ள வுட்டுருவாரு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே வரிசைல வெளாட மாட்டேம்மா" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.