சாவி பக்கத்து வீட்ல: ஒரு மிமிக்ரிக்காரன் சொந்தக் குரல்ல பாடின கதை

மிமிக்ரி தொழில்ல ஒரு சௌகரியம் உண்டு: கைத்தட்டல் வந்தா அது எனக்கு, வரலைன்னா அந்த நடிகருக்கு வயசாயிடுச்சுன்னு அர்த்தம். கல்யாண மேடையில பாட்டுக்காரங்க தண்ணி குடிக்கிற இடைவெளியில ஏறி, ஊர்ல இருக்கிற எல்லார் குரலையும் வித்துட்டு இறங்குறதுதான் நம்ம பொழப்பு. இதைப் படிக்கிறவங்கள்ல மேடையேறிச் சிரிக்க வைக்கிற சக பாவிங்க யாராச்சும் இருந்தா, கையைக் குடுங்க.

அப்பேர்ப்பட்ட நான், ஐம்பதை நெருங்குற வயசுல, சொந்தக் குரல்ல ஒரு பாட்டு போட்டேன். பாப்-ராக். எங்க குழுவோட கிடார்காரன் ஜோசப் மெட்டு, நான் வரி. பேரு ‘சாவி பக்கத்து வீட்ல’. என் பொண்டாட்டி கௌரி அடையாறுல ஒரு கிளினிக்ல நர்ஸ். நான் கச்சேரி முடிஞ்சு வர்றப்ப அவ டியூட்டிக்குக் கிளம்பியிருப்பா. சாவி பக்கத்து வீட்ல இருக்கும். அதைத்தான் எழுதினேன். உலகம் கேக்காட்டியும் பரவால்ல. கௌரி கேட்டுட்டு, ‘இது நீங்கதான்’னு சொன்னாப் போதும். அவளோ, “அதுலயும் வேற யாராச்சும்தான் வருவாங்க. எனக்கு வேலை கெடக்கு”ன்னுட்டா.

மைக் முன்னாடி கூட்டம்

அசோக் நகர்ல ஒரு மாடி ஸ்டுடியோ. ரெக்கார்டிங் பண்ற பிரியா ரொம்பப் பொறுமைசாலி. நான் கண்ணை மூடி உருகிப் பாடறேன், அவ பாதியில நிறுத்துறா. மறுபடி பாடறேன், மறுபடி நிறுத்துறா. ஜோசப், “மச்சி, வீட்டுக்கு போன் பண்றதா நெனைச்சுக்கோ, இயல்பா வரும்”னான். அவனுக்கென்ன தெரியும்! நான் வீட்டுக்கு போன் பண்ணாலே மாம்பலம் ஸ்டேஷன் குரல்தான்: ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு, உங்கள் கணவர் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்.’

கடைசியில பிரியா ஹெட்போனைக் கழட்டிட்டு உள்ளயே வந்துட்டா. “சார், முதல் வரியில ஒரு பெரியவர் வந்தாரு, ரெண்டாவதுல ஒரு வில்லன் வந்தாரு, ஹம்மிங்ல ஒரு அம்மா வந்தாங்க. எல்லாரும் நல்லாத்தான் பாடறாங்க. நீங்க எப்ப சார் வருவீங்க?”

போண்டா, பட்டன், புதிர்

எப்படியோ நானும் வந்து சேர்ந்தேன். தொண்டை கட்டிப்போய், வேற யாரு குரலும் வராத ஒரு நாள்ல மொத்தப் பாட்டும் முடிஞ்சுது. வெளியீட்டு விழா மயிலாப்பூர்ல, குளத்துக்குப் பக்கத்துல ஒரு மெஸ் மாடியில. விழான்னா என்ன, ஜோசப் போன்ல ஒரு பட்டனை அமுக்கிப் பாட்டை நெட்ல ஏத்தினான், நாங்க போண்டா சாப்பிட்டோம்.

மெஸ் நடத்துற மாமி கரண்டியோட நின்னு முழுசா கேட்டா. “நன்னாத்தான் இருக்கு. ஆனா வீடு பூட்டியிருக்குன்னா இவ்வளவு டிரம்ஸ் அடிப்பாளோ?”ன்னா. அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். பாட்டுக்குக் கீழ ஒரு ரசிகர் போட்ட கமெண்ட்டைத்தான் தாங்க முடியல. அதுக்குக் கீழ ஆளாளுக்கு ஒரு பாடகர் பேரைச் சொல்லி சண்டை வேற. அந்த ரசிகர் எழுதினது இதுதான்: “அண்ணே, செம மிமிக்ரி! யாருன்னுதான் கண்டுபிடிக்க முடியல, ஒரு க்ளூ குடுங்க.”

அச்சு அசல்

தி.நகர்ல ஒரு கல்யாண ரிசப்ஷன். வழக்கமான அயிட்டமெல்லாம் முடிச்சிட்டு, தைரியமா நம்ம பாட்டை எடுத்து விட்டேன். கூட்டம் ஐஸ்கிரீம் பக்கம் போயிடுச்சு. முன் வரிசையில மாப்பிள்ளையோட பெரியப்பா மட்டும் தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. இறங்கினதும் வந்து கையைப் பிடிச்சிக்கிட்டாரு. “பிரமாதம் தம்பி! எங்க வீட்டுப் பசங்க இந்தப் பாட்டைப் போட்டுக்கிட்டே இருக்காங்க. அப்படியே அவரை மாதிரியே பாடறீங்க!”

“யாரை மாதிரி சார்?”

“அதான்யா, இந்தப் பாட்டைப் பாடினவரு! என்ன, அவரு தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கும். அதை மட்டும் பிடிச்சுட்டீங்கன்னா அச்சு அசல்.”

லஸ் கார்னர்ல ஒரு விமர்சனம்

அன்னைக்கு மனசு நொந்துபோய் ஆட்டோவுல வந்துக்கிட்டிருந்தேன். எங்க தப்புன்னு பாக்க, போன்ல பாட்டைப் போட்டேன். லஸ் கார்னர் சிக்னல்ல டிரைவர் திரும்பிப் பாத்தாரு. “சவுண்டா வை நைனா.” வெச்சேன். பச்சை விழுந்தும் வண்டி நகரலை, பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிச்சுத் திட்டறாரு.

“பாடுறது யாரு?”ன்னாரு டிரைவர். ‘புது ஆளு’ன்னேன். கொஞ்ச தூரம் ஓட்டிட்டுச் சொன்னாரு: “பாட்டுக்காரன் மாதிரி இல்ல நைனா. வூட்டுக்கு வந்து செருப்பக் கழட்டிக்கினு ஒருத்தன் பேசுற மாதிரி கீது.”

கௌரி

ஞாயித்துக்கிழமை மத்தியானம். கௌரி துணி மடிச்சுக்கிட்டிருந்தா. தானாவே, “எங்க, அந்தப் பாட்டைக் குடுங்க”ன்னா. கிளினிக்ல ஒரு பேஷண்ட்டோட பொண்ணு போட்டுக் கேட்டுதாம், இவ காதுல ரெண்டு வரிதான் விழுந்துதாம். இயர்போனைக் குடுத்துட்டு எதிர்ல உக்காந்தேன். அவ மடிக்கிறதை நிறுத்தலை. என் சட்டை ஒண்ணை மட்டும் மடிச்சு, பிரிச்சு, மறுபடி மடிச்சா.

பாட்டு முடிஞ்சுது. இயர்போனைக் கழட்டாமலே, “யாரு பாடினது?”ன்னு கேட்டா. நான்தான்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவளே சொன்னா:

“எனக்குத் தெரியும். இவரு என்னைப் பொண்ணு பாக்க வந்தவரு. காபி டம்ளரைப் பிடிக்கத் தெரியாம, பேச்சு திக்கித் திக்கி வந்துது. அவரைப் பிடிச்சுப் போய்தான் சரின்னேன். அப்புறம் வீட்டுக்கு யார் யாரோ வந்தாங்க, அவரு மட்டும் வரவே இல்லை. இனிமேயாச்சும் தெனம் வரச் சொல்லுங்க.”

ஆக, சினிமாவுல இருக்கிற அத்தனை பேரா வாழ்ந்து பாத்துட்டேன், இப்ப வீட்ல நான் நானா வாழற வேஷம்தான் கொஞ்சம் ரிகர்சல் கேக்குது.