கடலில் கடைசி, கரையில் முந்தல்

மயிலத்துப் பாஞ்சாலி திண்டிவனத்தில் நர்ஸ். புதுச்சேரியில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் பந்தயம் நடக்கப்போவதாகக் கேட்டதும் பெயர் கொடுத்துவிட்டாள். விடியலில் வயல் கிணற்றில் நீந்தினாள். பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிளில் வேலைக்குப் போனாள். சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு ஏரிக்கரையில் ஓடினாள். அந்நேரம் பாத்திரம் துலக்கியவன் கணவன் சக்கரபாணி.

"பொண்டாட்டி ஓடறா, நீ பாத்திரம் தேச்சிக்கினு இருக்கியேடா" என்று சிரித்தார் அவன் அண்ணன்.

"அது ஓடணும்னா வேற யாராவது தேய்க்கணுமேண்ணே" என்றான்.

பந்தயத்தில் கடலலை அவளைப் படுத்திவிட்டது, கடைசியாகத்தான் கரையேறினாள். கரையில் நின்ற சக்கரபாணி "போ, போ" என்று கத்தினான். ஆனால் சைக்கிளில் சிலரை முந்தினாள், ஓட்டத்தில் இன்னும் பலரை. பரிசு கிடைக்கவில்லை.

"யாருங்க அந்தம்மா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

சக்கரபாணி நெஞ்சை நிமிர்த்தினான். "எம் பொண்டாட்டிங்க. நாளைக்குக் காலையில டூட்டிக்கும் போயிடும்."