ஜாய்ஸ்டிக்கை நம்பிப் பிழைத்தவனின் வயிற்றெரிச்சல்

வீடியோ கேம் கடை வைப்பது என்பது, ஊரார் ஆத்திரம் தீர அடித்துக்கொள்ள நம் பொருளை வாடகைக்கு விடும் தொழில்.

சைக்கிள் வாடகைக்கு விட்டவர்கள், கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விட்டவர்கள் எல்லோரும் என் கட்சிக்காரர்கள். அவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1993-ல் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு வீட்டின் கீழ் அறையில் கடை போட்டேன். பழைய டிவிகள், கேம் செட்டுகள், கேசட்டுகள், ஜாய்ஸ்டிக்குகள். என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த அறையால்தான். அது என் கையை விட்டுப் போன கதையைத்தான் சொல்லப்போகிறேன். பொறுமையாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வளைவில் வந்த வினை

மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து ஏழுமலை என்று ஒருவர் வருவார். படகு இன்ஜினை ரிப்பேருக்கு விட்டுவிட்டு, அது தயாராகும்வரை என்னிடம் பைக் ரேஸ் ஆடுவார். டிவியில் வண்டி வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் பட்டனை அழுத்தினால் போதும். இவர் ஜாய்ஸ்டிக்கையே வலப்பக்கம் இழுப்பார். இடப்பக்கம் திரும்பினால் பக்கத்தில் இருப்பவர் மடியில் போய்ச் சாய்வார். வலை இழுத்துப் பழகிய கை. ஒருநாள் பெரிய வளைவு ஒன்று வந்தது. அவர் இழுத்த இழுப்பில் ஒயரோடு செட்டும் மேஜையிலிருந்து இறங்கித் தரையில் விழுந்தது. கேசட் தனியாக உருண்டது.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "எத்தினி வாட்டி சொல்றது, அழுத்தினா போதும்னு!" என்று கத்தினேன். அவர் ஒயரைப் பதமாகச் சுருட்டி என் கையில் வைத்தார். "மொதல்ல செட்ட மேஜையோட இறுக்கிக் கட்டுங்கண்ணா. கட்டாத பொருளு இழுத்தா வரத்தான் செய்யும்."

ஊதினால் ஓடும்

கேசட் ஓடவில்லையென்றால் எடுத்து ஊத வேண்டும் என்று இந்தியா முழுக்க யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்களை நான் ஒருமுறை பார்க்க வேண்டும். என் கடையில் ஊதாதவர்களே கிடையாது. கோர்ட்டில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தா, வாய் நிறைய வெற்றிலையோடு ஊதினார். செட்டுக்குள் போய்ச் செருகும் கேசட்டின் பல்லெல்லாம் சிவப்பு. கொண்டுவந்த புதிதில் அதை நான் துணியால்கூட அழுத்தித் துடைத்ததில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்தும் அவர் அசரவில்லை. "ஏன் பேஜாராவுற? இனிமே கலரு நல்லா எடுப்பா வரும் பாரு."

பக்கத்து அறை ரமேஷ்

இரண்டாயிரத்துக்குப் பிறகு, என் கடையை ஒட்டிய அறையில் ரமேஷ் பிரவுசிங் சென்டர் திறந்தான். கம்ப்யூட்டரில் எமுலேட்டர் என்று ஒரு சாப்ட்வேர். அதைப் போட்டால் கம்ப்யூட்டர் என் கேம் செட்டைப் போலவே நடிக்கும். நான் பர்மா பஜாருக்கு அலைந்து அலைந்து வாங்கிச் சேர்த்த கேசட்டெல்லாம் அவனிடம் ஒரே ஃபோல்டரில் கிடந்தது. ஜாய்ஸ்டிக் மட்டும் இல்லை. கீபோர்டில் தட்ட வேண்டும்.

என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகச் சுவருக்கு அந்தப் பக்கம் போனார்கள். தையல்கடை பீட்டர் மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்தார். கீயை அழுத்துவதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவில் ஒரு இழுவை இருக்கிறதாம், எல்லாப் பள்ளத்திலும் விழுந்தாராம். நான் ரமேஷிடம் போய், அது விளையாட்டே இல்லை, டைப் அடிக்கிற வேலை என்று சண்டை போட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அதே கேமு, அதே மியூசிக்கு. கையில புடிக்கிற ஒரு பிளாஸ்டிக்குக்காகவாண்ணா ஜனம் உங்ககிட்ட வரும்?"

ஓனரின் தீர்ப்பு

அடுத்து ரமேஷ் என் அறையையே கேட்டான். நடுச்சுவரை இடித்துப் பெரிய சென்டர் ஆக்க வேண்டுமாம். வீட்டு ஓனர் சூசைநாதன், ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், மாடியில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மச்சான் அந்தோணியை இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து சண்டை கேம் ஆடுவார். மச்சானை உதைத்துக் கீழே தள்ளினால்தான் அவருக்கு மதியச் சோறு இறங்கும். அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "அங்கயும் ஒரு வாட்டி ஆடிப் பாக்கறேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா நீ காலி பண்ணு. வித்தியாசம் தெரிஞ்சா அப்ப பேசலாம்." என் பிழைப்பு அவர் விரலில் தொங்கியது.

அந்த ஞாயிறு நானும் கூடவே போய் நின்றேன். ஒரே கீபோர்டு, இரண்டு பேர் கை. பழைய கீபோர்டு. ஒரே நேரத்தில் சில கீகளை அழுத்திப் பிடித்தால், அடுத்து அழுத்துவதை அது கண்டுகொள்ளாது. அந்தோணி அதை மோப்பம் பிடித்துவிட்டார். தன் பக்கத்துக் கீகளை அழுத்தியவர் விரலை எடுக்கவே இல்லை. சூசைநாதன் தட்டு தட்டென்று தட்டுகிறார், அவருடைய ஆள் கம்பம்போல நிற்கிறான். மச்சான் வேண்டியபோது மட்டும் ஒரு விரலைத் தூக்கித் தட்ட, அவருடைய ஆள் வந்து உதைக்கிறான். "விரலை எடுடா!" என்று ஓனர் கத்த, "ஆடத் தெரியலன்னா கீபோர்டு இன்னா பண்ணும் மாமா?" என்று மச்சான் கேட்க, சென்டரே சிரித்தது.

சூசைநாதன் நேராக என் கடைக்குள் வந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினார். மச்சானையும் உட்கார வைத்தார். ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக், யாரும் யார் விரலையும் தடுக்க முடியாது. உதை உதையென்று உதைத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அறை பிழைத்ததென்று. அவர் எழுந்து என் தோளில் கை வைத்தார். "நீ சொன்னது வாஸ்தவம் குமாரு, ரொம்பவே வித்தியாசம் இருக்குது. ரமேஷுக்கு வாக்கு குடுத்துட்டேன், அதனால காலி பண்ணும்போது இந்த ரெண்டு ஜாய்ஸ்டிக்கையும் அவன்கிட்ட குடுத்துட்டுப் போ."

கண்ணாடியில் வரைந்த பட்டன்

அந்த ஜாய்ஸ்டிக்கின் முனை கம்ப்யூட்டரில் நுழையவே நுழையாது. அந்த இரண்டையும் சேர்த்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு விழுப்புரம் வந்துவிட்டேன். ஸ்டேஷன் ரோட்டில் செல்போன் சர்வீஸ் கடை போட்டேன். சில வருஷம் கழித்து, ஷேர் ஆட்டோவிலிருந்து சூசைநாதன் இறங்கினார். ஆளுக்கு ஆள் போன் வந்ததும் ரமேஷ் சென்டரை மூடிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டானாம், அதற்கப்புறம் அறை பூட்டியே கிடந்ததாம். மகள் கொடுத்த போனில் அதே சண்டை கேம். திரையில் பட்டன் வரைந்திருந்தது. கட்டை விரல் கண்ணாடியில் வழுக்க, அவருடைய ஆள் உதை வாங்கிக்கொண்டே இருந்தான்.

"அந்த ஜாய்ஸ்டிக்கு வெச்சிருக்கியா?" என்றார். வைத்திருக்கிறேன், செத்தாலும் தரமாட்டேன் என்றேன். பஸ் ஸ்டாண்டுவரை கேட்கும்படித்தான் சொன்னேன். கடை அறையைத் திரும்பக் கொடுக்க வந்திருக்கிறார் என்று அப்போதும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவர் போனைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "தரவாணாம்ப்பா, உன் பொருளு உன்கிட்டயே இருக்கட்டும். அறைய கடலை மண்டிக்கு மல்லாட்டை மூட்டை போட வாடகைக்கு விட்டுட்டேன், நீ ஞாயித்துக்கிழம மட்டும் செட்ட எடுத்துக்கினு மாடிக்கு வா."

அசலுக்கும் நடிப்புக்கும் உள்ள வித்தியாசம் எல்லோர் விரலுக்கும் நன்றாகவே தெரிகிறது. அசலை வைத்திருப்பவனுக்கும் வயிறு என்று ஒன்று இருப்பதுதான் ஒருவருக்கும் தெரிவதில்லை.