ஆயுத பூஜைக்குத் தேய்த்த கேடயம்

ஏலத்தில் வாய் திறக்கிறவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் பீடி பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். எங்கள் பழைய சாமான் வியாபாரிகளுக்குள் அப்படி ஒரு கட்டு இருந்தது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எங்கே ஏலம் என்று தண்டோரா போட்டாலும் ஐந்து பேர் சேர்ந்து போவோம். யார் கேட்பது என்று பஸ்ஸிலேயே பேசி வைத்துக்கொள்வோம். அவர் ஒருத்தர் கேட்க, கோர்ட் அமீனா மூன்று தரம் சொல்லி முடிக்க, சரக்கு சுலபமாக வந்துவிடும். அப்புறம் விழுப்புரம் ஜங்ஷன் எதிரில் ஒரு டீக்கடையின் பின்பக்கம் எங்களுக்குள்ளேயே இன்னொரு ஏலம் நடக்கும். அதில் சத்தமே இருக்காது. துண்டை மேலே போட்டு, அடியில் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்து, விரலை அமுக்கியே விலை பேசுவோம். விரல் பிடித்துப் பேசிவிட்டால் அந்தப் பேச்சை மாற்றக்கூடாது. இது நியாயமா என்று என் பிள்ளைகள் நீங்கள் கேட்டால், கடன் கொடுத்தவனுக்கு வரவேண்டியது எங்களால் குறைந்தது, அதனால் நியாயம் இல்லை என்றுதான் சொல்லுவேன். அன்றைக்கு அதைத் தொழில் என்று நினைத்தோம்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். கல்யாணம் ஆன பிறகு உங்கள் மாமாவின், அதாவது என் மச்சானின், பாத்திரக் கடையில் ஐந்து வருஷம் எடை போட்டேன். நல்ல மனுஷர்தான். ஆனால் வந்தவர் போனவர் எதிரில், "மாப்ள, தராசு முள்ளைப் பாருங்க, ரோட்டைப் பாக்காதீங்க" என்பார். அதனால் திண்டிவனத்தில் ஒரு சின்ன இடம் பிடித்து, பழைய பித்தளை இரும்புக் கடை ஒன்று சொந்தமாகப் போட்டேன். அவர் தடுக்கவில்லை. ஒரு வருஷம் தாக்குப் பிடித்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் என் இடம் அங்கே அப்படியே இருக்கும் என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனாலும் அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம்தான் ஜமீன் வீட்டு ஏலம் வந்தது. கிலோ வந்த புதுசு. நாங்கள் வாயில் வீசைக் கணக்கையே சொல்லிக்கொண்டிருந்த சமயம். விழுப்புரத்துக்கு மேற்கே ஒரு பழைய ஜமீன் வீடு, கடனில் கோர்ட்டுக்குப் போய்விட்டது. அண்டா, குத்துவிளக்கு, தேக்கு பீரோ எல்லாம் முற்றத்தில் கிடந்தன. அவற்றோடு ஒரு மூலையில் எட்டு கத்தி, மூன்று குத்துவாள், ஒரு கேடயம், ஒரு இரும்புக் குல்லா, சின்னச் சின்ன வளையம் கோத்த சங்கிலிச் சட்டை ஒன்று. எல்லாம் கருப்பாக, எண்ணெயும் துருவும் ஏறி, வவ்வால் புழுக்கை நாற்றத்தோடு இருந்தன. அமீனா அதைத் தொடாமல் காலால் தள்ளித்தான் காட்டினார்.

டீக்கடையில் பங்கு பிரித்தபோது பித்தளைக்குத்தான் எல்லாரும் துண்டுக்குள் கை நீட்டினார்கள். ஆயுதத்தை ஒருத்தரும் தொடவில்லை. இரும்பு விலைக்கு இரும்பு, அதோடு எவன் உயிரைக் குடித்த கத்தியோ, வீட்டுக்கு ஆகாது என்றார்கள். நான் கேட்டேன். எனக்குத் தைரியம் ஜாஸ்தி என்று எண்ண வேண்டாம். பித்தளைக்குப் போட்டி போட என்னால் முடியாது, அவ்வளவுதான். கையில் இருந்ததெல்லாம் அந்த இரும்பில் போயிற்று. போலீஸ் ஸ்டேஷனில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, மாட்டு வண்டியில் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். மச்சான் கேள்விப்பட்டு, "என்னா மாப்ள, எந்த நாட்டு மேல படையெடுக்கப் போறீங்க?" என்று சொல்லி அனுப்பினார்.

பத்து நாள் ஒருத்தரும் வரவில்லை. பதினோராம் நாள் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் வந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீடுகளுக்குப் பழைய மேசை, நாற்காலி, விளக்கு விற்கிறவர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சாக்கைப் பிரித்து ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தோளில் இருந்த துண்டை எடுத்தார். நான் கையை உள்ளே விட்டேன். அவர் அமுக்கின விரலை முதலில் நான் நம்பவில்லை, தப்பாக எண்ணிவிட்டேனோ என்று இன்னொரு முறை அமுக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அமுக்கினார். பேச்சு முடிந்தது. அடுத்த வாரம் வண்டி கொண்டு வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரைக்கும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிப் போனார். அன்றைக்கு ராத்திரி உங்கள் அம்மா வடை சுட்டாள். அந்த ஒரு வியாபாரம் கைக்கு வந்தால் கடை நிற்கும், மறுபடி தராசு பிடிக்கப் போகவேண்டாம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த அடுத்த வாரத்துக்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது.

பாய்க்கு நம் பூஜை ஞாபகம் இல்லை. எனக்கோ பூஜையைத் தவிர வேறு ஞாபகம் இல்லை. ஊரெல்லாம் அரிவாளையும் மண்வெட்டியையும் கழுவிப் பொட்டு வைக்கிறது. நம் வீட்டிலோ ராஜா பிடித்த கத்தியே இருக்கிறது. அதைத் துருவோடு வைத்துக் கும்பிட எனக்கு மனசு வரவில்லை. அதுவும் இல்லாமல் மச்சான் கடையில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: தேய்த்த பாத்திரம் கூடுதல் விலைக்குப் போகும்.

பூஜைக்கு முதல் நாள் கிணற்றடியில் உட்கார்ந்தேன். உங்கள் அம்மா கேட்டாள்.

"பாய் அழுக்கோடதானே பாத்து விலை சொன்னாரு? அப்படியே இருக்கட்டுமே. எதுக்கு வீணா தேய்ச்சிக்கினு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்றேன்.

புளி, செங்கல் தூள், சாம்பல், தேங்காய் நார். காலையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தேய்த்தேன். கத்தி வெள்ளி மாதிரி ஆயிற்று. கேடயத்தைத் தேய்க்கும்போது புளித் தண்ணீரில் மஞ்சளாகத் தூள் தூளாக ஏதோ இறங்கியது. யாரோ எப்போதோ வைத்த மஞ்சள் என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். சங்கிலிச் சட்டையைத் தேய்க்க முடியாது, வளையத்துக்குள் நார் சிக்கிக்கொண்டது, விட்டுவிட்டேன். மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, பூசணிக்காய் உடைத்தோம். தெருவே வந்து பார்த்தது. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வேர்க்கிறது.

பூஜை முடிந்து இரண்டாம் நாள் பாய் வந்தார். அதே நேரம், பண்டிகைக்குத் தங்கையைப் பார்க்க மச்சானும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கேடயத்தை நீட்டினேன். பாய் வாங்கினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அது மஞ்சள் இல்லை, தங்கம். இரும்பைக் கீறி, முடி மாதிரி தங்கக் கம்பியை அடித்து ஏற்றிக் கொடியும் பூவுமாகப் போட்டிருந்தானாம் எவனோ ஒரு கைவேலைக்காரன். கருப்புக்குள் அது இருந்ததைப் பாய் பார்த்திருந்தார். இப்போது விளிம்பில் இரண்டு இலை மட்டும் மிச்சம்.

"யாரு தேய்ச்சது?" என்றார் பாய்.

ஒரு பக்கம் பாய். சரக்கே தெரியாதவன் என்று அவர் ஒரு வார்த்தை வெளியே சொன்னால், அப்புறம் எனக்கு யாரும் விரல் கொடுக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம் மச்சான், காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்தபடி பார்க்கிறார்.

சமையலறைக் கதவருகிலிருந்து உங்கள் அம்மா சொன்னாள்.

"நான்தான் பாய் தேய்ச்சேன். அவரு கடைக்குப் போய்க்கினு இருந்தாரு. பூஜையாச்சேன்னு நானா எடுத்துத் தேய்ச்சிட்டேன். எனக்கு என்னா தெரியும்?"

மச்சான் எழுந்தே விட்டார். "அறிவிருக்குதா உனக்கு? ஒரு மனுஷன் இப்பதான் தலை தூக்குறான், அவன் பொழப்புல மண்ணைப் போட்டியேடி" என்று ஆரம்பித்து, வெளியாள் இருக்கிறார் என்றும் பார்க்காமல் திட்டினார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

பாய்தான் நிறுத்தினார். "விடுங்க அண்ணே. பேஜாரு ஆனது ஆயிப்போச்சி. தங்கச்சியைத் திட்டினா தங்கம் திரும்பி வருமா?" என்றார். என்னைப் பார்த்து, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கிக்கொண்டு ஜல்தி வரச் சொன்னார். ஓடினேன். அந்தப் பச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து, ஒரு கத்தியைச் சாம்பல் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, துணியை நனைத்து மேலிருந்து கீழே தடவினார். வெள்ளையாக இருந்த இரும்பு மெதுவாகக் கருத்தது. அந்தக் கருப்புக்குள் வரி வரியாக எழும்பியது, மழைத் தண்ணீர் ஓடி வற்றின பிறகு மணலில் இருக்குமே, அந்த மாதிரி. அந்தக் காலத்து உருக்கு இரும்பில்தான் அது வருமாம். எட்டில் மூன்று கத்தியில் வந்தது. மற்ற ஐந்தும் சாதாரண இரும்புதான்.

"கேடயத்தை மட்டும் கழிச்சிக்கிறேன். மத்ததுக்கு விரல் புடிச்சது புடிச்சதுதான்" என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்கவேண்டியதே இல்லை. பார்த்த சரக்கு வேறு, இப்போது இருக்கிற சரக்கு வேறு என்று துண்டை உதறிப் போட்டுப் போயிருந்தால் ஒரு வியாபாரியும் அவரைக் குற்றம் சொல்லமாட்டான். சங்கிலிச் சட்டையையும் குல்லாவையும் கத்திகளையும் குத்துவாள்களையும் கட்டி எடுத்துப் போனார். கடை நின்றது. அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம், எங்கே பழைய வாள் ஏலத்துக்கு வந்தாலும் பாய் எனக்குச் சொல்லி அனுப்புவார், நான் போய் எடுப்பேன். நீங்கள் சாப்பிட்ட சோறு, படித்த படிப்பு எல்லாம் அதில் வந்ததுதான்.

ஆனால் கதை மட்டும் வேறு விதமாக ஊரில் நின்றுபோனது. கல்யாண வீட்டில், காது குத்தில் மச்சான் சொல்லுவார், "எந்தங்கச்சி தங்கத்தையே புளி போட்டுக் கரைச்சவ." எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். அவளும் கூடச் சிரிப்பாள். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு முறை மட்டும் பாயிடம் சொன்னேன். கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்குத் தேய்த்தது நான் என்று.

"தெரியுமே" என்றார். "தங்கச்சி கையில ஒரு கீறல் இல்ல. உங்க கை பூரா கீறல். எட்டு கத்தியைத் தேய்ச்சவன் கை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"புருஷனுக்காக ஒரு பொம்பள சொன்ன வார்த்தை. அதை நான் ஏன் பொய்யாக்கணும்? இப்படி ஒருத்தி வூட்டுல இருக்கறவனுக்குச் சரக்குக் குடுக்கலாம்னு நெனைச்சேன். குடுத்தேன்."

இதை உங்களுக்கு எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது. எழுதி முடித்துவிட்டு உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பசங்களுக்கு அப்புறம் கொடுக்கலாம், முதலில் எங்கள் அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

போன புதன்கிழமை போனேன். மச்சான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மல்லாட்டைத் தோலை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் உரித்தார். முடிந்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"வெளியாள் முன்னாடி அவளைத் திட்டினேனே மாப்ள" என்றார். "இத்தனை வருஷமா சபையில வெச்சிச் சிரிச்சேனே."

என்னைத் திட்டுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். எதற்கு என்றேன். தங்கையைப் பார்க்கவேண்டும் என்றார். இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.