நவமணி சுமந்த பேட்டரிகள்

மலேசியாவில் ஈப்போ தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுப்பது நவமணியின் வேலை. இருபதுகளில் வந்து உட்கார்ந்தவள், நாற்பதை நெருங்கியபோதும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். காதை அழுத்தும் கருவி, எதிரே துளைகள் நிறைந்த பலகை, கையில் கம்பி. "லைன்ல இருங்க" என்று மூன்று மொழிகளில் நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வீடு திரும்பினால், வாயைத் திறக்கவே சலிப்பாக இருக்கும். ஊரில் உள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச அவள் வழி செய்துகொடுத்தாள். அவளைக் கூப்பிட்டுப் பேசத்தான் ஆள் இல்லை. கல்யாணம் ஆகவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா வீரம்மா மட்டும் ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள்.

தொலைபேசிப் பலகைக்கு வருவதற்கு முன் நவமணி கொஞ்ச காலம் தந்திப் பிரிவில் இருந்தாள். அங்கேதான் கட்-கடா என்று மோர்ஸ் அடிக்கப் பழகினாள். பிரிவை மாற்றிய பிறகும் விரல் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில், பஸ் கம்பியில், தன் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தது. எழுபதுகளின் நடுவில் அமெச்சூர் வானொலி உரிமத்துக்கான பரீட்சை எழுதலாம் என்று யாரோ சொன்னார்கள். எழுதினாள். அந்த அறையில் சேலை கட்டியிருந்தது அவள் ஒருத்திதான். உரிமம் கிடைத்ததும், ரொட்டி டின் அளவில் ஒரு சின்னக் கருவியைத் தானே பற்றவைத்துச் செய்தாள். பேச்சுக் குரல் போகாது. புள்ளியும் கோடும்தான் போகும். அந்தப் பக்கம் எந்த நாட்டில் யார் கேட்டுப் பதில் தருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் குடியிருந்தது இரண்டாம் மாடி பிளாட். பால்கனியிலிருந்து கம்பி இழுத்துக் கட்டி அவள் விசையை அழுத்தினால், கீழ்வீட்டுத் தொலைக்காட்சியில் கோடு கோடாக ஓடியது. அவர்களிடமிருந்து புகார், கொம்ப்ளேன் வந்தது. கம்பியை அவிழ்த்துவிட்டாள். அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்து வருகிற மனிதனுக்குத் திரையில் முகமாவது தெரிய வேண்டாமா?

மிச்சம் இருந்த ஒரே இடம் அம்மாவின் லயம்தான். அங்கே ரப்பர் பால்மரத்தை எல்லாம் வெட்டிச் சாய்த்து, எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டார்கள். பாதிக்கு மேல் சனம் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டது. தோட்டம் கைமாறியபோது பழைய முதலாளிகள் மின்சார இஞ்சினையும் கழற்றி லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதனால் மீதமிருந்த சில வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான். கம்பி கட்ட உயரமான மரம் உண்டு, கொம்ப்ளேன் பண்ண ஆள் இல்லை. கரண்டும் இல்லை.

"என்கூட ஈப்போவுக்கு வந்துரும்மா" என்று நவமணி கேட்காத மாதம் இல்லை.

"மாடு ரெண்டு இருக்கே, மாடியில எங்க கட்டுவே?" என்பாள் வீரம்மா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சனிக்கிழமை காலை வேலை முடிந்ததும் நவமணி லூமுட் போகும் பஸ்ஸில் ஏறுவாள். ஆயர் தாவாரில் இறங்கி, செம்மண் சாலையில் நடப்பாள். கருவி ஒன்றும் பெரிய கனமில்லை. அதற்குத் தீனி போடும் பேட்டரிதான் ஆளை அயரவைத்தது.

முதலில் டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரிக் கட்டைகள் எட்டை வரிசையாகக் கோத்துப் பார்த்தாள். கேட்பதற்கு அது போதும். விசையை அழுத்திய மாத்திரத்தில் சக்தி இறங்கி, நேராகப் போக வேண்டிய ஒலி வளைந்து நெளிந்து போனது. வீரம்மா அந்தக் கட்டைகளை வெயிலில் காயவைத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரம் உயிர் வந்ததுபோல் நடித்துவிட்டு மறுபடியும் செத்தன. அடுத்ததாக மோட்டார் சைக்கிள் பேட்டரி. நல்ல சக்திதான். ஆனால் பஸ் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியதில் அமிலம் சிந்தி, பையை அரித்து, சேலையை அரித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் காற்சட்டையிலும் ஓட்டை போட்டது. நடத்துநர் எல்லார் முன்னாலும் கத்தினார். வழிநெடுக அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைசியில் கார் பேட்டரி ஒன்றை வாங்கி லயத்திலேயே வைத்துவிட்டாள். தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு ராஜு, செம்பனைக் குலை வெட்டுகிறவன், அதை மோட்டார் சைக்கிளில் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிவந்து கொடுப்பான். சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அந்த மாதங்களில்தான் வாலஸ் கிடைத்தார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்காரர். தபால் இலாகாவில் தந்தி அடித்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய மெல்லிய ஒலியைத் தேடிப் பிடித்துவிடுவார். அவர் அடிப்பது நிதானமாக, வயதானவர் படியேறுவதுபோல் இருக்கும். பெரிய விஷயம் எதுவும் பேசமாட்டார்கள். அங்கே மழையா, இங்கே வெயிலா, இன்றைக்கு எந்தப் பேட்டரி, எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் பேச்சு. அவருடைய மனைவி எத்தல் படுத்த படுக்கை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவர்தான். "இன்று களைப்பு" என்று அவர் ஆரம்பித்தால், "இங்கேயும்" என்று அவள் பதில் அடிப்பாள். அதற்கு மேல் விளக்கம் இருவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ராஜு ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டிவி வாங்கினான். பேட்டரியில் ஓடும் டிவி. லயத்தில் இருந்த பேட்டரி நவமணியுடையது ஒன்றுதான்.

அது ஒரு பள்ளி விடுமுறை வாரம். சனிக்கிழமை நவமணி வந்து சேர்ந்தபோது தலை வலித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் ஆள் குறைவு என்று இரண்டு பேர் வேலையைப் பார்த்திருந்தாள். கோப்பியைக் குடித்துவிட்டுப் பின்வாசல் படியில் கருவியை வைத்து, கம்பியை மாட்டி, காதில் கேட்பானைப் போட்டாள். வாலஸ் ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட மெதுவாக.

"எத்தல் செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்" என்று அடித்தார். "உன்னிடம் சொல்ல நினைத்தேன்."

நவமணி விசையை அழுத்தினாள். கருவியின் அளவு முள் எழும்பவே இல்லை. இன்னொரு முறை அழுத்தினாள். ஒன்றும் போகவில்லை. அவர் சொல்வது கேட்கிறது. தான் சொல்வது அவரை எட்டவில்லை.

"நவா, இருக்கிறாயா?" இடைவெளி. "பேட்டரியா?" மறுபடியும் இடைவெளி. "பரவாயில்லை. இருட்டும்வரை இருப்பேன்."

அவள் கேட்பானைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"பேட்டரிய யாரும்மா எடுத்தா?"

வீரம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ராஜு டிவிக்குத்தான். லீவு வாரம்லா, தெனம் படம் போட்டான். எல்லாரும் பாத்தோம்."

"சனிக்கிழமைக்கு வேணும், தொடாதேன்னு எத்தன தடவ சொன்னேன்!"

"நீ ஒரு நாளு வார" என்றாள் வீரம்மா, கையை உதறிக்கொண்டு. "மத்த நாளெல்லாம் இந்த லயம் இருட்டிக் கெடக்கு. வெளக்க அணச்சிட்டு நானும் மாடும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? அந்தப் பொட்டியில நாலு ஆளு நடமாடுறதப் பாத்தா எனக்கும் ஒரு தொணயா இருக்கு."

நவமணிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்கான தெம்பு வரவில்லை. அடுப்படிப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அங்க ஒருத்தருக்குப் பொண்டாட்டி செத்துப் போச்சும்மா. அதச் சொல்லிக்கிட்டு இருக்காரு. என்னால ஒரு வார்த்த பதில் சொல்ல முடியல."

"எங்க?"

"பெர்த்துல. வெள்ளக்காரரு."

வீரம்மா அரிசிச் சட்டியை ஓரமாக வைத்தாள். "பிள்ளைங்க?"

"யாரும் இல்ல."

வீரம்மா எழுந்தாள். ஆணியில் தொங்கிய டார்ச் லைட்டை எடுத்து, பின்மூடியைத் திருகி, இரண்டு கட்டைகளையும் மகள் மடியில் கொட்டினாள். "இது ஆகுமா?"

"எட்டு வேணும்மா. நல்லதா எட்டு."

வீரம்மா வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். "ஏய் செல்லாயி! ஒன் வீட்டு டார்ச்ச எடுத்துட்டு வா. ராஜு, நீயும்தான். டிவி பாத்தீல்ல, வா!"

கொஞ்ச நேரத்தில் லயத்தின் டார்ச் லைட்டுகள் எல்லாம் பின்வாசலுக்கு வந்துவிட்டன. நவமணி ஒரு சின்ன பல்பை வைத்து ஒவ்வொரு கட்டையாகச் சோதித்தாள். பிரகாசமாக எரிந்தது ஒருபக்கம், மங்கலாக எரிந்தது மறுபக்கம். வரிசையில் ஒன்று சோர்ந்ததாக இருந்தாலும் மற்றவற்றையும் அது இழுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே பிரித்தாள்.

"என்னுது நல்லாருக்கும். இப்பத்தான் போட்டேன்" என்றாள் செல்லாயி. அவளுடைய கட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. பல்பு எரியவே இல்லை.

"இப்பன்னா எப்பக்கா?" என்று ராஜு கேட்டான். "பொங்கலுக்குப் போட்டது" என்றாள் அவள். நவமணிகூடச் சிரித்துவிட்டாள்.

ஒருவழியாக எட்டு தேறியது. ராஜு பழைய காலண்டர் அட்டையைக் குழாய்போல் சுருட்டினான். கட்டைகளை ஒன்றின் தலையில் ஒன்றாக அதற்குள் இறக்கி, சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டினான். நுனிக் கம்பிகளை அவன் விரலாலேயே அழுத்திப் பிடித்துக்கொள்ள, நவமணி விசையைத் தொட்டாள். முள் தயங்கித் தயங்கி எழுந்தது.

"கேட்டேன். வருந்துகிறேன். பேட்டரி போய்விட்டது. இப்போது எல்லார் டார்ச்சும் சேர்ந்து பேசுகிறது." அவ்வளவையும் எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கி அடித்தாள். ஒலி ஏறி இறங்கித் தள்ளாடியது.

சற்று நேரம் இரைச்சல்தான் கேட்டது. பிறகு வாலஸ் வந்தார். அவர்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னார். அப்புறம் எத்தலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கேட்பதற்கு அதிகச் சக்தி வேண்டியதில்லை என்பதால் நவமணி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் எத்தல் எதிர்க் கடையில் தொப்பி விற்றாளாம். கடைசி வாரம் அவரை யாரென்று அவளுக்குத் தெரியவில்லையாம். "தபால்காரரே, கடிதம் இருக்கிறதா?" என்று கேட்டாளாம்.

"என்னக்கா சொல்றாரு?" என்று ராஜு கிசுகிசுத்தான். அவள் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். செல்லாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"சாப்பிட்டாரான்னு கேளு" என்றாள் வீரம்மா.

"அம்மா, இருக்கிறதே கொஞ்சூண்டு..."

"கேளுடி."

கேட்டாள். முட்டை அவித்துச் சாப்பிட்டதாகப் பதில் வந்தது. வேறென்னவோ கேட்கப் போனபோது கட்டைகள் பாதி வார்த்தையில் படுத்துவிட்டன. அன்றிரவு லயத்தில் யாரும் வெளியே போகவில்லை. டார்ச் இல்லாமல் பாம்புக்குப் பயம். மறுவாரம் நவமணி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜோடி புதுக் கட்டைகளோடு வந்தாள்.

அந்த வாரமே அவள் ஈப்போவில் ஆ லோக் என்பவரின் பேட்டரிக் கடைக்குப் போய்த் தன் கதையைச் சொன்னாள். கடை முதலாளியான அந்தத் தவ்கே யோசித்துவிட்டு, உள்ளேயிருந்து சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கரண்டு போனால் எரியும் சினிமாக் கொட்டகை விளக்குகளில் வைப்பது. முழுக்க மூடியது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, "இனி தாக் தும்பா லா" என்றார் மலாயில், இது சிந்தாது என்று. ஒரு சொட்டும் கீழே விழவில்லை. நவமணி கையில் தூக்கிப் பார்த்தாள். இரண்டு தேங்காய்க் கனம் இருக்கும். பிளாட்டிலேயே சார்ஜ் ஏற்றலாம், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். அன்றே வாங்கிவிட்டாள்.

கார் பேட்டரியை லயத்து டிவிக்கென்றே விட்டுவிட்டாள். அடுத்த சனிக்கிழமை அவள் போனபோது, அம்மா பின்வாசல் படியில் ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டிருந்தாள், உட்காருவதற்கு.

பிரம்புக் கூடையில் அந்தச் சாம்பல் பெட்டியைச் சில வருடங்கள் சுமந்தாள். இடது தோளில் ஒரு வலி வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் வாலஸ் முதியோர் இல்லத்துக்குப் போனார். அங்கே கம்பி கட்ட விடமாட்டார்கள் என்று முன்னதாகவே சொல்லியிருந்தார். கடைசிச் சனிக்கிழமையில் இருவரும் மழையைப் பற்றித்தான் பேசினார்கள். அதற்குப் பிறகும் நவமணி அந்த அலைவரிசையைக் கேட்டாள். ஜப்பான்காரர்கள் வந்தார்கள், பிலிப்பீன்ஸ்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் வேகமாக அடித்தார்கள், தங்கள் நிலைய அழைப்பு எண்ணைச் சொல்லிவிட்டு ஓடினார்கள். அவள் யாரையும் நிறுத்திவைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து லயத்தை இடிக்கப்போவதாகத் தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். ராஜு தைப்பிங்கில் மாமனார் வீட்டோடு போய்விட்டான். மாடுகளை விற்றார்கள். விற்ற அன்று வீரம்மா சாப்பிடவில்லை. பிளாட்டுக்கு வந்த பிறகு, கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல் பால்கனியில் நின்றுகொண்டே இருந்தாள்.

அம்மாவை அப்படியே வீட்டில் விட்டுப்போக நவமணிக்கு மனம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லகாட் பக்கம், ஈயம் எடுத்துக் கைவிட்ட மணல் வெளிக்கு அவளையும் அழைத்துப் போனாள். நிழலுக்கு ஒரு குடை, ஒரு பிளாஸ்க், கூடை. தூக்க முடியாமல் நவமணி நின்றால், வீரம்மா கூடையின் ஒரு காதைப் பிடித்துக்கொள்வாள். கம்பியை ஒரு மூங்கிலில் கட்டி நட்டார்கள். குட்டைத் தண்ணீரில் வெயில் பளீரென்று அடித்தது.

நவமணி நெடுநேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தோள் வலித்தது. கையை மாற்றிக்கொண்டாள்.

"யாரும் வரலியா?" என்று வீரம்மா கேட்டாள்.

"இல்லம்மா. இன்னிக்கு ஒண்ணும் சரியில்ல. போலாமா?"

வீரம்மா பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் கோப்பியை ஊற்றி நீட்டினாள்.

"வீட்டுக்குப் போயி என்ன செய்யப்போறோம்? இன்னுங் கொஞ்ச நேரம் கூப்பிடு" என்றாள்.