பூட்டுக்காரர் வக்கீல் பிடித்த கதை

நம் பூட்டுக்காரருக்கு வந்த வம்பைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்றே தெரியாது. முன்கட்டிடத்தைப் புதிதாக வாங்கிய முதலாளி, பொதுச் சந்தின் வாயிலில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார். அந்தச் சந்தின் கோடியில்தான் பூட்டுக்காரரின் கடை. இருபது வருடமாகக் குடும்பத்துக்குச் சோறு போட்ட கடை.

மனிதர் அசரவில்லை. கம்பியை எடுத்தார், அரை நிமிடத்தில் திறந்தார், உள்ளே போனார், பழக்கதோஷம், கதவின் இடுக்கு வழியே கையை விட்டுத் திரும்பவும் பூட்டினார். மூன்று நாள் இதே கூத்து. கடைக்கு ஓர் ஈ காக்கைகூட வரவில்லை.

"ஏன்டி, வியாபாரம் இப்படிப் படுத்துருச்சு?" என்று மனைவியிடம் புலம்பினார்.

"நீங்கதான் உள்ள போய்ப் பூட்டிக்கிறீங்களே! ரொம்ப சாமர்த்தியம்! போய் ஒரு வக்கீலைப் பாருங்க."

முதல் வக்கீல், இவர் கொண்டுபோன கடைப் பத்திரத்தைத் தொடக்கூட இல்லை. "கேஸ் நம்ம பக்கம்தான், அட்வான்ஸைக் கட்டிட்டுப் போங்க" என்றார். பூட்டைப் பார்க்காமல் கூலி சொல்கிறவனைப் பூட்டுக்காரர் மனுஷனாகவே மதிக்கமாட்டார். எழுந்து வந்துவிட்டார்.

மச்சினன் சொல்லி அடுத்துப் போனது ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவிடம். அவர் பத்திரத்தை வரிவரியாகப் படித்தார். ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"சந்துல உங்களுக்கும் வழி உண்டுன்னு தெளிவா இருக்கு. ஆனா ஜெயிச்சுருவோம்னு சத்தியம் பண்ண மாட்டேன். நோட்டீஸுக்கு இவ்வளவு, வழக்குப் போட்டா இவ்வளவு, கோர்ட் ஃபீஸ் தனி. எல்லாத்துக்கும் ரசீது உண்டு."

"உங்க ஃபீஸை மூணு தவணையா தரலாமாம்மா?"

"தாராளமா. ஆனா இனிமே அந்தப் பூட்டுல கை வைக்காதீங்க. உடைச்சுட்டார்னு உங்க மேலேயே திருப்பிடுவாங்க."

"உடைக்கலைம்மா, திறந்தேன்!" அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு கீறல் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்!"

வக்கீலம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "சரிங்க, திறந்தீங்க. இனிமே திறக்காதீங்க."

பாவம், கை துறுதுறுத்தது. நோட்டீஸுக்கு முதலாளி மசியவில்லை, வழக்கு கோர்ட் ஏறியது. நாலு மாதம் சந்து முனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கிடைத்த வேலையைப் பார்த்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீலம்மா இவருக்கு முன்னாலேயே கோர்ட்டில் இருந்தார். இவரும் ஒரு தவணைகூடத் தவறவில்லை. கொடுக்கிற காசு வலிக்கவில்லை என்று மனைவியிடம் சொல்லி, "அதென்னங்க அதிசயம்!" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒருவழியாக இடைக்கால உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை கதவைத் திறந்தே வைக்க வேண்டும்.

முதலாளி சாவியோடு வந்தார், முகம் கடுகடுவென்று. "பெரிய பூட்டுக்காரர்னு சொல்றாங்க. நீங்களே திறந்துட்டுப் போயிருக்கலாமே? எதுக்கய்யா கோர்ட்டும் வக்கீலும் செலவும்?"

"எனக்குத் திறக்கும் சார். எனக்கு மட்டும் திறந்து என்ன பண்றது?"

முதலாளி பூட்டைத் திறந்தார். கதவை அகலத் தள்ளிவிட்டுப் போனார். பத்து நிமிடம் ஆகியிருக்காது, ஒரு பெண்மணி சந்துக்குள் எட்டிப் பார்த்து, "சாவி தொலைஞ்சுபோச்சு. கடை இருக்குங்களா?" என்றார்.

பூட்டுக்காரர் சந்தோஷமாகக் கடை வாசலுக்கு ஓடி வந்தார். "இருக்கும்மா" என்றார். "நேரா உள்ள வாங்க."